தட்டில் வளரும் ஆலமரம்

“பெண் என்பவள் போன்சாய் மரமா?” பேச்சுப்போட்டி மேடைகளில் இக்கேள்வி எழாத ஆண்டே இல்லை எனலாம். வேரை வெட்டுகிறார்கள், கிளையை நறுக்குகிறார்கள், கம்பியால் முறுக்குகிறார்கள், கையகலத் தட்டுக்குள் அடைத்து அழகு பார்க்கிறார்கள். பெண்ணினத்தையும் அவ்வாறே வளர்க்கிறார்கள் என்று பேசுபவர் குரலை உயர்த்தியதும் அரங்கம் அதிரும். நாமும் கை சிவக்கத் தட்டியதுண்டு. ஆயினும் தோழியரே, அந்த மரத்தின் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேச எவரும் இல்லையே! இம்மலரில் அதற்காக வாதாட வந்திருக்கிறோம்.

போன்சாய் வளர்ப்பதை நாம் கொடுமை என்று எண்ணவில்லை. மண்ணைப்பற்றி ஒன்றும் அறியாமல் அதனை விலைகொடுத்து வாங்கி, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டே மாதத்தில் குப்பைக்கூடைக்கு அனுப்புகிறோமே, அதனைத்தான் கொடுமை என்போம். பிறந்தநாளுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் இப்போது இம்மரங்கள் பரிசாக வருகின்றன. வந்த மரங்களுள் அடுத்த பிறந்தநாளைக் காண்பவை எத்தனை? உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன்சாய் என்பது தனியொரு மர இனம் என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்றால் ஆழமில்லாத தட்டு. ‘சாய்’ என்றால் நடுதல். அவ்வளவே. சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற கலை இது. 1309-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜப்பானிய ஓவியச் சுருள் ஒன்றிலேயே தட்டில் நட்ட சிறு மரங்களைக் காணலாம். ஆலம்விதை எங்கும் ஒன்றுதான். அடையாற்றிலே பிரம்மஞான சபைத் தோட்டத்தில் நிற்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989-ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தபின்னும், விழுதுகள் தாங்க அம்மரம் வாழ்ந்துவருகிறது அல்லவா? அதே வகை விதை தட்டில் முளைத்து, நறுக்கி வளர்க்கப்பட்டால் ஒரு சாண் உயரத்தில் நிற்கும். தட்டிலிருந்து எடுத்து மறுபடி தரையில் நட்டால் விட்ட இடத்திலிருந்து பெருமரமாகக் கிளம்பிவிடும். மரத்தின் குணம் எள்ளளவும் மாறுவதில்லை.

“வெட்டுவது பாவமன்றோ?” என்பார்க்கு ஒன்று கேட்போம். நீலகிரியில் இடுப்பளவில் வரிசையாக நிற்கும் தேயிலைச் செடி உண்மையில் ஒரு மரம். வெட்டாமல் விட்டால் வீட்டுக் கூரையளவு உயரும். ஆண்டாண்டாக அதனை வெட்டி வெட்டியே குட்டையாக வைத்திருக்கிறோம். காலையில் தேநீர் அருந்தும்போது எவராவது அதற்காகக் கண்ணீர் விட்டதுண்டா? ரோஜாவைக் கவாத்து செய்தால் ‘நன்றாகப் பூக்கும்’ என்கிறோம். தட்டில் நிற்கும் ஆலுக்கு மட்டும் இரக்கம் பொங்குவது ஏனோ?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய மரத்தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பைன் மரம் இருக்கிறது. 1625-ஆம் ஆண்டு முதல் போன்சாயாக வளர்க்கப்பட்டு வருவது. ஹிரோஷிமா நகரில் மசாரு யமாகி என்பவரின் குடும்பத்தார் அதனைக் காத்துவந்தனர். 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவில் அவர்களுடைய தோட்டம் இருந்தது. சுவர் ஒன்றின் மறைவில் நின்ற அம்மரம் பிழைத்தது. 1976-இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு ஜப்பான் அளித்த மரங்களுள் அதுவும் ஒன்று. தம் நகரைச் சாம்பலாக்கிய நாட்டுக்கே யமாகி அம்மரத்தைக் கொடுத்தார். அதன் கதையோ பரவலாகத் தெரியாமலே இருந்தது. 2001-இல் அவருடைய பேரப்பிள்ளைகள் மரத்தைக் காண வந்தபோதுதான் வெளிப்பட்டது. நானூறு ஆண்டு! சித்திரவதைக்குள்ளான உயிர் நானூறு ஆண்டு வாழுமா? எத்தனை தலைமுறையாக எத்தனை கைகள், ஒரு நாள் தவறாமல் நீர் வார்த்திருக்க வேண்டும்!

இனி மண்ணுக்கு வருவோம். நாம் எழுத வந்ததே இதற்காகத்தான்.

தோட்டத்தில் நன்றாக விளையும் மண்ணைத் தட்டில் இட்டால் மரம் ஏன் சாகிறது? வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பாத்திரம் துலக்கும் புதிய ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, உள்ளங்கையில் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டச் சொட்ட வடிந்து, பிறகு நின்றுவிடும். இப்போது அதனைப் பிழியாமல் செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் ஒழுகும்! ஸ்பாஞ்சும் அதுவே, தண்ணீரும் அதுவே. உயரம் மட்டுமே மாறியது. படுக்கைவாட்டில் தண்ணீரை அது விடாமல் பிடித்துக்கொள்கிறது.

மண்ணும் இப்படித்தான். எந்தத் தொட்டியிலும் வடிந்தது போக அடிப்பகுதியில் ஈரம் தேங்கிய ஒரு படலம் நிற்கும். அப்படலத்தின் உயரம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்ததன்று. மண் துகளின் பருமனைப் பொறுத்தது. துகள் பொடியாக இருந்தால் ஈரப்படலம் உயரும், பருத்திருந்தால் தாழும். ஒரு மண்ணில் அப்படலம் இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஓரடி உயரத் தொட்டியில் மீதிப் பத்து அங்குலமும் காற்றோட்டமாக இருக்கும், வேர் பிழைத்துக்கொள்ளும். இரண்டங்குலப் போன்சாய் தட்டிலோ அத்தனையும் சேறு! வேர்களுக்கும் மூச்சு உண்டு. காற்று இல்லாத சேற்றில் அவை அழுகும். வேர் அழுகினால் நீரை உறிஞ்ச இயலாது; இலை வாடும். வாடிய இலையைக் கண்டு நாம் என்ன செய்கிறோம்? ‘ஐயோ, தண்ணீர் போதவில்லை’ என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம். தாகத்தால் சாகும் மரங்களைவிட இவ்விதம் பாசத்தால் சாகும் மரங்களே மிகுதி என்பது நம் எண்ணம்.

தொட்டியின் அடியில் ஒரு கைப்பிடி கூழாங்கல் பரப்பினால் நீர் வடிந்துவிடும் என்று வீடுதோறும் அத்தைமார் சொல்வார்கள். பெரியோர் சொல்லைத் தட்டுவதாக எண்ணவேண்டா. ஆனால் இது சரியன்று. பொடிமண்ணில் பிடிபட்ட நீர் கீழேயுள்ள கல் இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. ஈரப்படலம் கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். துளையின்மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்தால் போதும். மண் முழுவதும் ஒரே பருமனாக இருக்கவேண்டும் என்பதே இரகசியம்.

எந்தப் பருமன்? சமையலறை அளவிலேயே சொல்வோம். மிளகளவு, கொத்தமல்லி விதையளவு. அதாவது மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர். கடுகைவிடச் சிறியதெல்லாம் தூசி. சலித்து எறிந்துவிட வேண்டும்.

ஜப்பானியர் இதற்கு ‘அகடாமா’ என்னும் சிவந்த மண்மணிகளைப் பயன்படுத்துகின்றனர். பழங்காலத்து எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான களிமண் அது. தோண்டி, உலர்த்தி, சலித்து, மூட்டைகளில் விற்கின்றனர். இன்று இணையத்தின் வழியாக நம் வீட்டு வாசலுக்கும் வரும். ஆனால் விலையைக் கேட்டால் நம் தந்தையர் மயங்கி விழுவர்! அது கட்டாயம் வேண்டும் என்று சொல்வோரிடம் நாம் மாறுபடுகிறோம். அகடாமா செய்யும் வேலை என்ன? மணி மணியாக நிற்பது, உள்ளே சிறிது நீரைத் தாங்குவது, இடையே காற்றை விடுவது. இவற்றைச் செங்கல் செய்யாதா? உடைந்த நாட்டு ஓடு செய்யாதா? கொல்லையில் கவிழ்ந்து கிடக்கும் விரிசல்விட்ட மண்பானை செய்யாதா? சுத்தியலால் தட்டிச் சலித்தால் ஒரு பைசா செலவில்லை. கட்டிட இடிபாட்டுச் செங்கல் மட்டும் வேண்டா. ஒட்டியிருக்கும் சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணின் தன்மையைக் கெடுத்துவிடும்.

அத்தகைய செங்கல் மணி இரண்டு பங்கு, கழுவிய பெருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு. ஆல், இச்சி போன்ற நம் ஊர் மரங்களுக்கு முதலில் இதனைக் கொண்டு தொடங்கலாம் என்பது நம் பரிந்துரை. கடற்கரை மணல் ஆகாது. உப்பு வேரைத் தின்றுவிடும். எருவுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு சேர்ப்போர் அதனை இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்தபின் சேர்க்கவேண்டும். அதிலும் உப்பு உண்டு. கலவை சரியா என்று அறிய, தட்டில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே உள்ளே இறங்கி, துளை வழியே வந்துவிட வேண்டும். மேலே குளம்போல் நின்றால் தூசி போகவில்லை. சோம்பல் பாராமல் மறுபடி சலியுங்கள்.

நல்ல மண்ணையும் தூய நீரையும் தேடி ஓர் ஊரையே அமைத்தவர்கள் ஜப்பானியர். 1923-ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கத்தில் டோக்கியோ நகரம் அழிந்தபோது, அங்கிருந்த போன்சாய் தோட்டக்காரர்கள் ஓமியா என்னும் இடத்துக்குப் பெயர்ந்து, 1925-இல் போன்சாய் கிராமம் ஒன்றை நிறுவினர். அவ்வூரில் இன்று ஓர் அருங்காட்சியகமும் உண்டு; 2010-இல் திறந்தனர். நாமோ மண்ணைப்பற்றிக் கேட்காமலே மரத்தை வாங்கிவிடுகிறோம். கடைகளில் விற்கும் சில தட்டுகளில் மேற்பரப்பில் மினுமினுக்கும் கற்களைப் பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். நீர் உள்ளே இறங்கவே வழியில்லை! வாங்கிவந்த அன்றே அக்கற்களைப் பெயர்த்து எறிக.

எந்த மரத்தில் தொடங்குவது? படங்களில் காணும் பைன், மேப்பிள் மரங்களின்மேல் ஆசை வைக்காதீர்கள். குளிர்காலத்தில் உறங்கி எழும் இனங்கள் அவை. நம் சமவெளியின் வெயிலில் அவற்றுக்கு உறக்கமும் இல்லை, வாழ்வும் இல்லை. நமக்கென்று இருக்கவே இருக்கின்றன ஆல், இச்சி, புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ. அவற்றுள்ளும் ஆலையும் இச்சியையும் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். பறவைகள் பழம் தின்று எச்சமிடும் இடமெல்லாம், கிணற்றுச் சுவரிலும் மொட்டை மாடி விளிம்பிலும் மழைநீர்க் குழாய் அடியிலும் அவை முளைத்து நிற்கின்றன. சுவரைப் பிளந்துவிடும் என்று ஆண்டுதோறும் பிடுங்கி எறிகிறோம். எப்படியும் சாகவிருக்கும் கன்றை எடுத்துத் தட்டில் வைத்து நூறாண்டு வாழ வழி செய்தால், அதனைக் கொடுமை என்று எந்தப் பேச்சாளர் சொல்வார்? மண்ணே இல்லாத சுவரிடுக்கில் பிழைத்த பிள்ளைக்குத் தட்டு ஓர் அரண்மனை அன்றோ!

எடுத்த கன்றை உடனே தட்டில் நடவேண்டா. ஓராண்டு இரண்டாண்டு சாதாரணத் தொட்டியில் விட்டு அடிமரம் பருக்கட்டும். பிறகு துளிர் விடத் தொடங்கும் காலத்தில், அக்கினி நட்சத்திரம் தவிர்த்து, தட்டுக்கு மாற்றலாம். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். மரம் ஆடாதபடி தட்டின் துளை வழியே கம்பி விட்டுக் கட்டுங்கள். ஆடினால் புதுவேர் அறுந்துவிடும். குச்சியால் மெல்லக் குத்தி, வேர்களின் இடையே மண்ணை இறக்குங்கள். இரண்டு வாரம் நிழல். ஒரு மாதம் வரை உரம் கிடையாது. அதன்பின் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து நிறைய நீர் கலந்து எப்போதாவது வார்க்கலாம். ஜப்பானியரும் எண்ணெய் பிழிந்த கடுகின விதைப் பிண்ணாக்கையே இடுகின்றனர் என்று அறிந்தபோது நமக்கு ஒரு மகிழ்ச்சி!

நீர் வார்ப்பதற்குக் கால அட்டவணை இல்லை. “காலை ஏழு மணிக்கு ஒரு குவளை” என்று எழுதி ஒட்டுவதால் பயனில்லை. ஐஸ்குச்சி ஒன்றை மண்ணில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். கறுத்து ஈரமாக வந்தால் இன்று வேண்டா. உலர்ந்து வந்தால் அடித்துளையில் ஒழுகும்வரை வாருங்கள். கோடையில் இக்கலவை விரைவாக உலரும். நாளைக்கு இருமுறைகூட வேண்டியிருக்கும். நீர் வார்க்கக் கற்கவே மூன்று ஆண்டு ஆகும் என்று ஜப்பானியத் தோட்டக்காரரிடையே ஒரு வழக்கு உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. படிப்புக்கு ஒரே ஆண்டுதான், அதனைவிட இது கடினம் போலும்!

வீட்டுக்குள் வைக்காதீர்கள் என்பதைத் தாய்மார்களுக்கு வணக்கத்துடன் சொல்லிக்கொள்கிறோம். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தோன்றும் அறை, இலைக்கு இருட்டறை. விருந்தினர் வரும் நாளில் உள்ளே கொண்டுவந்து காட்டிவிட்டு மறுநாளே வெளியே வைத்துவிடலாம். மொட்டை மாடியில் வைத்தால் தரைச்சூடு தட்டில் ஏறாதபடி இரண்டு செங்கல்லின்மேல் ஒரு பலகை போட்டு வையுங்கள். உச்சிவெயிலில் சிறிது நிழல் தேவை.

கம்பி கட்டுவதைப்பற்றி ஒன்றே ஒன்று. கிளையை வளைக்கச் சுற்றிய கம்பியை, பட்டையில் பதியுமுன் எடுத்துவிட வேண்டும். ஆல் விரைந்து பருக்கும் மரம், வாரந்தோறும் பார்க்கவேண்டும். எடுக்க மறந்தால் அத்தழும்பு பல ஆண்டுகளுக்கு மறையாது. இங்கேதான் மேடைப் பேச்சாளர்க்கு நாம் பாதி இடம் கொடுக்கிறோம். மரத்தைக் கேட்டு எவரும் வளைப்பதில்லை. அதற்கு வாயில்லை. எந்தப் பாடம் எடுக்கப் போகிறாய், எதுவரை படிக்கப் போகிறாய் என்று நம்மைக் கேட்கலாம். நமக்கு வாய் உண்டு. கேளாமலே வளைக்கும் வீடுகள் உண்டு என்பதை நம் வகுப்பிலேயே அறிவோம். ஆனால் அக்குற்றத்தைச் சொல்ல மரத்தை ஏன் இழுக்கவேண்டும்? போன்சாய் வளர்ப்பவர் நாள்தோறும் அதன் இலையைப் பார்க்கிறார், மண்ணைத் தொடுகிறார், வாடினால் தவிக்கிறார். பல பெண்களுக்கு அவ்வளவு கவனிப்பும் கிடைப்பதில்லையே!

அடுத்த ஆண்டு நம் பள்ளி இயற்கை மன்றத்தில் பத்துத் தட்டுகளேனும் வைக்கவேண்டும் என்பது நம் வேண்டுகோள். கன்றுகள் தயாராக இருக்கின்றன. விடுதிச் சமையற்கூடத்தின் பின்சுவரில் மூன்று ஆலும், பழைய கிணற்றருகே இரண்டு இச்சியும் நிற்கின்றன. வெள்ளையடிக்கும் ஆட்கள் வருமுன் அவற்றை எடுத்துக்கொள்ள மதர் அவர்கள் அனுமதி தரவேண்டும். உடைந்த பானைகளைச் சமையற்கூடத்துச் சிஸ்டர் மனம் வைத்தால் தருவார்.

சிக்கல் ஒன்றே: கோடை விடுமுறை. ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் வரை பள்ளி வெறிச்சோடிக் கிடக்கும். அந்நாட்களில் இரண்டு நாள் நீர் தவறினால் தட்டில் சருகுதான் மிஞ்சும். காவலர் தாத்தாவின் தலையில் இதனைக் கட்டுவது நியாயமன்று. அவருக்கு வேலை போதும். எனவே ஒவ்வொரு தட்டையும் பள்ளிக்கு அருகில் வசிக்கும் ஒருத்தி தன் வீட்டுக்கு எடுத்துச்செல்லட்டும். எடுத்துச்செல்பவள் பெயரும் திரும்பக் கொண்டுவந்த நாளும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்படட்டும். ஊருக்குப் போகவேண்டியிருந்தால் யாரிடம் ஒப்படைத்தாள் என்பதும் அதில் வேண்டும். பத்தாம் வகுப்பினராகிய நம்மில் சிலர் தேர்வு முடிந்து வேறு பள்ளிக்குச் சென்றுவிடுவோம். மரமோ நம்முடன் வராது. ஆகவே இக்கோடைக்கே, பொறுப்பை எட்டாம் ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் ஒப்படைப்பது நல்லது. விருப்பமுள்ளோர் முழுஆண்டுத் தேர்வுக்கு முன் இயற்கை மன்ற ஆசிரியையிடம் பெயர் கொடுக்கலாம். வரும்போது ஒரு சல்லடையும் சுத்தியலும் கொண்டுவரவும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு